ஏறாத கண்ணாடி

மார்கழி மழை தொடங்கிவிட்டால் கிளிவெட்டியில் நாம் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்ப்பது வழக்கம். சென்ற மார்கழியிலோ எமது கவலையெல்லாம் முற்றத்தில் நின்ற மோட்டார் வண்டியைப் பற்றியதாகவே இருந்தது. அம்மா அமரும் இடப்பக்க முன்கதவின் கண்ணாடி இறங்கியது இறங்கியபடியே நின்றுவிட்டது. ஊரார் 'பவர் ஷட்டர்' என்று சொல்லும் அந்த மின்சாரக் கண்ணாடி, எந்தச் சுவிச்சை இழுத்தாலும் அசையவில்லை.

அம்மா தொய்வு நோயாளி. வியாழக்கிழமை திருகோணமலை வைத்தியசாலைக் கிளினிக்குக்கு அவரை அழைத்துச் செல்ல வேண்டும். 2009 ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் படகுப்பாதைக்குக் காத்திருக்கும் துன்பம் ஒழிந்தது உண்மையே. ஆயினும் அப்பாலத்தின்மேல் வீசும் வாடைக்காற்றைத் திறந்த கண்ணாடியோடு எதிர்கொள்வது அவரால் இயலுமோ?

பட்டினத்தில் ஒரு கராச்சுக்காரர், கதவின் உட்புறத்தைப் பாராமலே, "மோட்டார் போய்விட்டது சேர். இருபத்தெட்டாயிரம் வரும்" என்றார். வாகன இறக்குமதி 2020 இல் நிறுத்தப்பட்டு 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை, பழைய வண்டிகளைக் கட்டிக் காத்த குடும்பங்களுள் எமதும் ஒன்று. ஆகவே பொலித்தீன் தாளை ஒட்டிக்கொண்டு வீடு திரும்பினோம்.

இருபது ஆண்டுகளாக நாம் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பித்து வருகிறோம். நேரோட்ட மோட்டாரில் மின்னோட்டத் திசையை மாற்றினால் சுழற்சித் திசையும் மாறும் என்பதைக் கரும்பலகையில் எழுதிய சுண்ணாம்புக்கட்டிகளுக்குக் கணக்கில்லை. இக்கண்ணாடி ஏறுவதும் இறங்குவதும் அவ்விதியாலேயே. அமெரிக்காவின் பக்காட் வண்டிகளில் 1940 இலேயே விசையால் இயங்கும் கண்ணாடி வந்துவிட்டது என்பதும் எமக்குத் தெரியும். கதவின் உட்பலகையை எவ்வாறு கழற்றுவது என்பதுதான் தெரியாது.

அது தெரிந்தவன் எமது தங்கையின் மகன். தகப்பனை இழந்த பிள்ளை. எமது வீட்டிலேயே வளர்பவன். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் தவறியவன். மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையில் பொழுதைக் கழிப்பதற்காக, விருந்தினர் முன்னிலையிலும் நாம் அவனைக் கடிந்ததுண்டு. வாகன மின்னியல் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் பாதுகாவலரின் ஒப்பம் கேட்டு அவன் தந்த படிவத்தை, "முதலில் கணிதத்தை எடு" என்று கூறி ஒரு புத்தகத்துக்குள் வைத்துவிட்டோம்.

அவன் முதலில் செய்தது எமக்கு வியப்பளித்தது. வண்டியின் கூரை விளக்கை எரியவிட்டுச் சுவிச்சை இழுத்தான்.

"வெளிச்சம் மங்கவில்லை மாமா. மோட்டார் இறுகியிருந்தால் கரண்டை இழுக்கும், கொஞ்சம் மங்கும். இது கரண்டே போகவில்லை."

பியூஸ் நன்றாகவே இருந்தது. சாரதிப் பக்கத்துச் சுவிச்சும் பயன் தரவில்லை. கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஆணிகளைக் கழற்றிப் பலகையை மெல்ல நெம்பி எடுத்தான். உள்ளே கரும்பசையால் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக் கிழித்துவிட வேண்டாம் என்று எம்மையே எச்சரித்தான். மழைநீர் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும்; அது இருக்கைப் பக்கம் வராமல் அத்தாள் தடுக்க, கதவின் அடியிலுள்ள துளைகள் வழியே நீர் வெளியேறும். எமது கதவில் அத்துளைகள் புழுதியால் அடைபட்டிருந்தன. ஈர்க்கினால் குத்திவிட்டோம். அன்று எமது பங்களிப்பு ஏறக்குறைய அவ்வளவே.

பின்னர் மோட்டாரின் இணைப்பைப் பிரித்து, பழைய மோட்டார் சைக்கிள் பற்றரியிலிருந்து இரு கம்பிகளை அதில் தொட்டான். "கையை எடுங்கோ மாமா!" என்ற குரல் கேட்டு நாம் விரல்களை இழுத்துக்கொண்ட கணமே கண்ணாடி விர்ரென மேலேறியது. கம்பிகளை மாற்றித் தொட்டான், இறங்கியது. மோட்டாரில் யாதொரு பிழையும் இல்லை. (பழைய வண்டிகளில் தடை கண்டு தானாகத் திரும்பும் ஏற்பாடு இராது. சிறுபிள்ளை முழங்கால் ஊன்றினாலும் கண்ணாடி ஏறிவிடாதிருக்கவே, அழுத்தினால் இறங்கவும் இழுத்தால் ஏறவும் சுவிச்சுகளை அமைக்கிறார்கள். பிள்ளைகளுள்ள வீட்டார் இதனைக் கவனிப்பாராக.)

குற்றவாளி, கதவுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே உள்ள இறப்பர் உறைக்குள் இருந்தது. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அங்கே கம்பிகள் வளைகின்றன. ஆண்டுகள் செல்ல, மேலுறை முழுதாய் இருக்க உள்ளே செப்பு இழைகள் அறுகின்றன. பச்சை பிடித்த இரு முனைகளை எடுத்துக் காட்டினான். இடையில் புதுக் கம்பித் துண்டு சேர்த்து, ஈயம் உருக்கி ஒட்டி, கறுப்பு நாடா சுற்றினான். செலவு 300 ரூபாய்க்கும் குறைவு.

கண்ணாடி ஏறியது. அம்மா வாசற்படியில் இருந்து கைதட்டினார்.

"அந்தப் படிவம் எங்கே?" என்று கேட்டோம்.

"நீங்கள் வைத்த புத்தகத்துக்குள்தான் மாமா."

"முடிவுத் திகதி எப்போது?"

அவன் கையைத் துணியில் துடைத்தபடி, "போன வெள்ளிக்கிழமை" என்றான். குரலில் குறை ஏதும் இல்லை. அதுவே எம்மைத் தலைகுனிய வைத்தது.

வியாழக்கிழமை அவனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டோம். கிண்ணியாப் பாலத்தில் மழை பிடித்துக்கொண்டது. அம்மா தாமே சுவிச்சை இழுத்துக் கண்ணாடியை ஏற்றினார். கிளினிக் முடிந்ததும் பயிற்சி நிலையத்துக்குச் சென்று, தாமதம் எம்முடையது என்று சொன்னோம். அங்கிருந்தவர் படிவத்தை வாங்கி அடுத்த தொகுதிக்கான கோவையில் வைத்தார். ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமாம்.