இரைச்சல் கேட்டு வரும் மீன் குஞ்சுகள்



நீமோ படம் பார்த்த பேத்தி கேட்டாள்: "தாத்தா, நீமோவுக்கு அந்த வீட்டை யார் காட்டினது?" நல்ல கேள்வி. யாரும் காட்டுவதில்லை, அதுவாகத்தான் தேடிக்கொள்கிறது.

பவளப்பாறை மீன்களில் பெரும்பாலானவை முட்டையிலிருந்து வந்ததும் பாறையை விட்டு வெளிக்கடலுக்குப் போய்விடும். கோமாளி மீனுக்கு அந்த வனவாசம் ஏறக்குறைய பத்து நாள். சில மீன்களுக்கு மாதக்கணக்கு. பிறகு விரல் நகமளவு உடம்போடு, பெரும்பாலும் இருட்டில், குடியிருக்கப் பாறை தேடி வர வேண்டும். வழிகாட்டுவது தண்ணீரின் வாசனையும் பாறையின் இரைச்சலும்தான். ஆமாம், உயிருள்ள பவளப்பாறை சத்தம் போடும்! சொடுக்குப் போடும் இறால்கள் கடுகு தாளிப்பது போலப் படபடக்கும். நடுவே மீன்களின் உறுமல். இடம் தப்பினால் பிழைப்பது கஷ்டம். வந்து இறங்கிய ஓரிரு நாளிலேயே பாதிக் குஞ்சுகள் இரையாகிவிடுவதுண்டு.

ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவுப் பக்கம் புயல்களாலும் 2016-இல் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்ததாலும் பாறைகள் அடங்கிப்போயின. அழிவுக்கு முன்பு பதிந்த ஓசையையும் பின்பு பதிந்ததையும் டிம் கார்டன் குழுவினர் போட்டுப் பார்த்தார்கள். பிந்தைய ஓசைக்குக் குறைவான குஞ்சுகளே வந்தன.

படித்ததும் எனக்கு நான் வேலை பார்த்த ஒரு கிராமத்துப் பள்ளிதான் ஞாபகம் வந்தது. பிள்ளைகள் குறைந்தார்கள், மைதானம் அமைதியானது. "அங்க யாருமே இல்லையே சார்" என்று மற்றவர்களும் தங்கள் பிள்ளைகளை டவுன் வேனில் ஏற்றினார்கள். வாத்தியார்கள் நாங்கள் இருந்தோம், கட்டடமும் இருந்தது. இரைச்சல்தான் இல்லை. சரி, அந்தக் கதை வேண்டாம்.

2017-இல் அதே குழு, செத்த பவளத்துண்டுகளைக் குவித்து, தண்ணீருக்கடியில் ஸ்பீக்கர் வைத்து, நல்ல பாறையின் ஓசையை 40 நாள் இரவுகளில் ஒலிக்கவிட்டது. மற்றக் குவியல்களைவிட இருமடங்கு மீன்கள் சேர்ந்தன.

மீன் வந்தால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். பாசி மேயும் மீன்கள் பாறையைச் சுத்தமாக வைத்திருக்கும். அந்தச் சுத்தமான இடத்தில்தான் குட்டிப் பவளம் ஒட்டி வளரும். வேகமாக வளரும் பவளம்கூடப் பழையபடி தேற பத்து வருஷம் பிடிக்கும். அந்தத் திட்டில் 2016-க்குப் பிறகு 2017, 2020, 2022, 2024 என்று வெளுப்பு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.