நாலு நிமிஷ இசைக்கு ஒரு நிமிஷத்தில் பதில்

எங்களுக்குத் தம்பி ஒருவன் இருக்கிறான். பெயர் வேண்டாம். விழுப்புரம் பக்கத்தில் ஒரு காலனி. பாலிடெக்னிக் முடித்துவிட்டு செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்க்கிறான். நாங்கள் நடத்தும் மாலைநேர வகுப்பில் படித்து வளர்ந்த பிள்ளை. இசையை யாரிடமும் போய்ப் படித்ததில்லை. இரவு கடை மூடி வீட்டுக்கு வந்த பிறகு, போனில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு செயலியில் மெட்டுப் போட்டுப் பார்ப்பான். முடித்ததும் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவான். பதினோரு பேர் இருக்கிறோம், சென்னை, கோவை, பெங்களூரு என்று ஆளுக்கொரு ஊரில். "கேட்டுட்டு சொல்லுங்க" என்று கீழே ஒரு வரி போட்டிருப்பான்.

நாங்கள் என்ன சொல்வோம்? "வேற லெவல் தம்பி." "தெறி." நெருப்புப் படம் மூன்று, கைதட்டும் படம் ஐந்து. கடைசியில் ஒரு "ஜெய்பீம்".

போன மார்ச்சில், ஏப்ரல் 14-க்காக என்று ஒன்றை அனுப்பினான். வார்த்தை இல்லை, வெறும் இசை. பறையில் தொடங்கி, கிடார் சேர்ந்து, அடியில் பாஸ் ஓடும். நாலு நிமிஷம். நாங்கள் வழக்கம்போலப் பாராட்டிவிட்டுத் தூங்கப் போனோம்.

பத்து நாள் கழித்து அதே இசை திரும்பி வந்தது. பறை இல்லை. அந்த இடத்தில் செயலியில் இருக்கும் மிருதங்கத் துண்டு ஒன்று சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. எங்களுக்குக் கோபம் வந்தது. "பறையை ஏன்டா எடுத்த?" என்று கேட்டோம். தன்மானம், பண்பாட்டு அடிமைத்தனம் என்று ஆளுக்கொரு பத்தி எழுதினோம். எழுதுவதற்கு எங்களுக்குச் சொல்லியா தரவேண்டும்?

நள்ளிரவில் பதில் வந்தது. "அண்ணா, பாட்டு நாலு நிமிஷம். போன தடவை நீங்க ஒரு நிமிஷத்துல பதில் போட்டீங்க. அக்காவும் அப்படித்தான். அவங்களாவது முழுசா கேட்டாங்க."

மேலே தள்ளிப் பார்த்தோம். அவன் அனுப்பியது 10:52. முதல் "வேற லெவல்" 10:53. 10:56 ஆவதற்குள் ஐந்து பாராட்டு. அந்த ஐந்து பேரும் அவன் இசையைக் கேட்கவில்லை.

'அவங்க' என்று அவன் சொன்னது, இசை பழகுகிறவர்கள் தாங்கள் செய்ததைப் பகிர்ந்து கருத்துக் கேட்கும் வேறொரு குழுவை. யாருக்கும் யார் முகமும் தெரியாது. அங்கே வந்த மூன்று கருத்துகளை எங்களுக்கு அனுப்பினான். முதலாமவர்: பறையும் பாஸும் ஒன்றோடொன்று மோதுகின்றன, இரண்டுமே தெளிவாக விழவில்லை. இரண்டாமவர்: முதல் நாற்பது விநாடி ஒன்றுமே நடக்கவில்லை, சலிப்பாக இருக்கிறது. மூன்றாமவர்: "டியூன் நல்லா இருக்கு. அந்த சாவு மேளத்த மட்டும் எடுத்துட்டா எல்லாரும் கேக்கலாம்."

மூன்றும் மரியாதையாகத்தான் சொல்லப்பட்டிருந்தன. தம்பி மூன்றையும் ஒரே கூடையில் போட்டுக்கொண்டான். பறையை எடுத்ததும் பாஸ் தெளிவாகிவிட்டது. அதனால் மூன்றாமவர் சொன்னதும் இசை பற்றிய யோசனைதான் என்று நம்பிவிட்டான்.

தோழர்களே, நாம் பேசவேண்டிய இடம் இதுதான். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை என்ற வரிசையில் பறையையும் வைக்கிறது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றினார்கள். 2025-இல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் ஒருவர் காதில் பறை விழுந்தவுடன் 'சாவு' என்றுதான் கேட்கிறது என்றால், கோளாறு பாஸிலும் இல்லை, மெட்டிலும் இல்லை.

எது இசை பற்றிய விமர்சனம், எது சாதி என்று எப்படிப் பிரிப்பது? நாங்கள் கண்டுகொண்ட வழி சாதாரணமானது. இசையை விமர்சிப்பவர் ஓர் இடத்தைக் காட்டுவார்: இந்த விநாடி, இந்தத் தாளம், இங்கே இடிக்கிறது. சரிசெய்ய வழி இருக்கும். சாதி எந்த இடத்தையும் காட்டாது. உன்னிடமிருந்து ஒன்றைக் கழற்றிவிட்டு வரச் சொல்லும். ஆனால் ஒன்றையும் மறக்கக் கூடாது. முதல் இருவர் சொன்னது சரி. அவர்கள் யாராக இருந்தாலும் சரி. அதை நாங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போக முடிந்தவர்கள் ஐந்து பேர் போனோம். வகுப்பு நடக்கும் கூடத்தில் உட்கார்ந்து, ஒரே ஹெட்போனை ஆளுக்கு இரண்டு முறை மாற்றிக்கொண்டு பழைய பதிவைக் கேட்டோம். கேட்டு முடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது, தோன்றியதைத் தாளில் எழுதவேண்டும் என்று வைத்துக்கொண்டோம். போன் ஸ்பீக்கரில் எங்களுக்குக் கேட்காத பாஸ் அன்றைக்குத்தான் கேட்டது.

பக்கத்து ஊர்ப் பறையாசான் ஒருவரையும் வரச் சொல்லியிருந்தோம். அவர் அரை நிமிஷத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். "இது பறை இல்லப்பா, தகரம். தோலு காயவே இல்ல. எங்க வச்சு அடிச்ச?" தம்பி இரவில், வீட்டுக்குள், போனைப் பக்கத்திலேயே வைத்துப் பதிவு செய்திருக்கிறான். பனி ஈரத்தில் தோல் தளர்ந்திருக்கிறது. சத்தம் அதிகமாகும்போது போன் தானாக ஒலியைக் குறைக்க, ஒவ்வொரு அடியின் கார்வையும் நசுங்கிப்போயிருக்கிறது. ஆசான் கேட்ட இன்னொரு கேள்விதான் எங்களை நிமிர வைத்தது. "பொறந்தநாளுக்கு வச்சிருக்க. அடிச்சிருக்கிறது சாவு அடி. தெரிஞ்சுதான் வச்சியா?"

"தெரிஞ்சுதான் ஐயா. ஊர்க்காரன் சாவுக்கு அடிச்ச அடிய நமக்காக அடிக்கணும்னு."

ஆசான் சிரித்தார். "அப்ப நல்லா அடி."

தம்பியின் தாத்தா திண்ணையில் இருந்தார். கேட்கிறீர்களா என்றோம். வேண்டாம் என்று தலையாட்டினார். வாலிப வயதில், ஊர்ச் சாவுக்கு இனிப் பறையடிக்க மாட்டோம் என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர். அதற்காகக் கூலி வேலை போய், பட்டினி கிடந்திருக்கிறார். அந்த வருஷம் பரணில் ஏற்றிய பறையை அவர் கீழே இறக்கவே இல்லை. 'சாவு மேளம்' என்று முகம் சுளித்தவரும் பறை வேண்டாம் என்கிறார், தாத்தாவும் வேண்டாம் என்கிறார். இரண்டும் ஒன்றல்ல. தாத்தா மறுத்தது இசையை அல்ல, கட்டாயத்தை. தம்பி எடுத்துக்கொள்வது அந்த மறுப்பின் மேல் நின்றுதான். இதை அவரிடம் சொன்னோம். "நீங்க படிச்சவங்க, சொல்வீங்க" என்றார். அவரை மாற்ற நாங்கள் முயலவில்லை.

ஏப்ரல் 14-க்குள் முடிக்க முடியவில்லை. அன்றைக்கு ஊர்வலத்தில் ஆசானின் குழு நேரடியாக அடித்தது. மே மாதம் ஒரு மாலை, வெயில் தாழ்ந்த பிறகு, ஏரிக்கரையில் வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, போனை நாற்காலியில் பத்தடி தள்ளி வைத்துப் பதிவு செய்தான். முதல் நாற்பது விநாடியைப் பன்னிரண்டாகக் குறைத்தான். பறை வரும் இடங்களில் பாஸை விலக்கி வைத்தான். ஒலி நசுங்காமல் இருக்க வாய்ஸ் மெசேஜாக இல்லாமல் டாகுமெண்டாகக் குழுவுக்கு அனுப்பினான்.

குழு ஒன்பது நிமிஷம் அமைதியாக இருந்தது. பிறகு முதல் பதில்: "1:50-ல பறை கொஞ்சம் முந்துது தம்பி. கிடார் பின்னாடி ஓடி வருது." அடுத்து இன்னொன்று: "கடைசி முப்பது விநாடி சட்டுனு நின்ன மாதிரி இருக்கு. வேணும்னே வச்சியா?"

அவன் உடனே எழுதினான்: "1:50 எனக்கும் தெரியும்ணா. நீங்க கண்டுபிடிக்கிறீங்களான்னு பாத்தேன்."

உங்கள் குழுவிலும் இப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருப்பார்கள். கவிதையோ குறும்படமோ பாட்டோ அனுப்புவார்கள். நம் பிள்ளைகள் செய்வதைப் பாராட்ட ஆளில்லாமல் போன காலத்தை நினைத்துத்தான் நாம் அவசரமாகக் கைதட்டுகிறோம். புரிகிறது. ஆனாலும் முழுசாகக் கேளுங்கள். எந்த இடம் இடிக்கிறது என்று சொல்லுங்கள். நாம் சொல்லாமல் விட்டால், அதைச் சொல்ல வேறொருவர் வருவார். கூடவே பறையையும் எடுக்கச் சொல்வார்.

ஜெய்பீம்!