இருபது நிமிட வெந்நீர்

கடைகளில் சோப்பும் ஷாம்பும் அடுக்கப்பட்டிருக்கும் வரிசையில், கைக்குள் அடங்கும் வண்ண உருண்டைகள் சிலவற்றைக் காணலாம். அவற்றை நீரில் போட்டால் சீறிக்கொண்டு கரையும், நீர் நிறம் மாறும், நறுமணம் வீசும். நாள் முழுவதும் உழைத்துக் களைத்தவர்கள் அந்த நீரில் சாய்ந்து படுத்தால் களைப்பெல்லாம் பறந்துவிடும் என்று அவற்றின் உறையில் எழுதியிருக்கும். ஆனால், அந்த உருண்டையைப் போடுவதற்கு முதலில் ஒரு குளியல் தொட்டி வேண்டும். சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலானவற்றில் அப்படியொரு தொட்டி கிடையாது. ஒரு குழாய், ஒரு வாளி, நிற்பதற்குச் சிறிது இடம், அவ்வளவுதான்.

ஈசூன் வட்டாரத்தில் வசிக்கும் ஒரு குடும்பத்தில் இந்த உருண்டைகளைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் அம்மாதான். அவர் ஒரு கடையில் காசாளராக வேலை செய்கிறார். ஒரு நாளில் எத்தனையோ உருண்டைகள் அவருடைய கைகளைக் கடந்து மற்றவர்களின் பைகளுக்குள் செல்கின்றன. அவரோ ஒன்றைக்கூட வாங்கியதில்லை. எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வீடு திரும்பும்போது அவருடைய கணுக்கால்கள் சற்று வீங்கியிருக்கும். காலணியைக் கழற்றும்போது, "அப்பாடா!" என்று ஒரு பெருமூச்சு வரும். அடுத்த நிமிடமே அவர் சமையலறைக்குள் நுழைந்துவிடுவார். பேருந்து ஓட்டுநரான அப்பா அந்நேரம் இரவுப் பணிக்குக் கிளம்பிப் போயிருப்பார்.

பள்ளி விடுமுறை தொடங்கியபோது, உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள் ஒரு திட்டம் போட்டாள். தொட்டி இல்லாவிட்டால் என்ன? வலிப்பவை கால்கள்தானே! கால்களுக்கு ஒரு வாளி போதும். ஐந்து வெள்ளிக்குள் பொருள்களை வாங்கி, ஒவ்வோர் இரவும் ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம் என்று அவள் முடிவு செய்தாள். ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் "பொருள், விலை, அம்மா சொன்னது" என்று மூன்று கட்டங்களை வரைந்துகொண்டாள்.

முதலில் நீரின் சூட்டைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஐந்து லிட்டர் குழாய்நீரை வாளியில் பிடித்து, அதன்மேல் ஒரு லிட்டர் கொதிநீரை ஊற்றிக் கலந்தாள். சிங்கப்பூரில் குழாய்நீர் ஏறக்குறைய 28 பாகை செல்சியஸ் இருக்கும். ஆகவே, இரண்டும் கலந்த நீர் கிட்டத்தட்ட 40 பாகைக்கு வரும். உடலின் வெப்பத்தைவிட அது சற்றே கூடுதல். "குளிர்ந்த நீரை முதலில் ஊற்று. கொதிநீரை முதலில் ஊற்றிவிட்டு யாராவது தெரியாமல் காலை வைத்துவிட்டால் வெந்துபோகும். முழங்கையை நனைத்துப் பார்த்த பிறகுதான் காலை வைக்கச் சொல்ல வேண்டும்," என்று பாட்டி சொல்லிக் கொடுத்தார். குழந்தைகளைக் குளிப்பாட்டிய கைகளுக்குத் தெரிந்த பாடம் அது.

முதல் நாள் இரவு, மகள் கல்லுப்பைக் கைப்பிடி அளவு அள்ளி நீரில் கரைத்தாள். அம்மா சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். கால்களை உள்ளே வைத்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஆனால், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சலவை இயந்திரம் நின்றுவிட்டதாக ஒலியெழுப்பியது. துணிகளைக் காயப்போட அவர் எழுந்தார். மீண்டும் வந்து உட்கார்ந்தபோது, "அம்மா, என்னுடைய சீருடை எங்கே?" என்று தம்பி அறையிலிருந்து கத்தினான். அதன்பின் தொலைபேசி மணி அடித்தது. அம்மா திரும்பி வந்தபோது நீர் ஆறிப்போயிருந்தது. "நன்றாகத்தான் இருந்தது," என்றார் அவர். மகள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

இரண்டாம் நாள், கடை உருண்டையை வீட்டிலேயே செய்து பார்க்க அவள் விரும்பினாள். அந்த உருண்டைகளின் சீற்றத்திற்குக் காரணம் இரண்டு பொருள்கள்: ஒன்று சமையல் சோடா, மற்றொன்று சிட்ரிக் அமிலம். இரண்டும் நீரில் சேரும்போது கரியமிலவாயு குமிழ்களாகப் பொங்கி வெளியேறுகிறது. சிட்ரிக் அமிலம் எலுமிச்சைச் சாற்றிலும் இருக்கிறது. எனவே, அவள் ஒரு கரண்டிச் சோடாவை நீரில் தூவி, மூன்று எலுமிச்சம்பழங்களைப் பிழிந்தாள். நுரை குபுகுபுவென்று எழுந்தது. தம்பி கைதட்டினான். ஆனால், ஒரு நிமிடத்திற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. மணம் மட்டும் மிஞ்சியது. அன்று அம்மா இரண்டு முறை எழுந்துபோனார். கால்களை நல்ல நீரில் கழுவித் துடைக்க வேண்டும் என்று மகள் நினைவூட்டினாள். எலுமிச்சைச் சாறு ஒட்டிய தோலில் கடும் வெயில் பட்டால் அந்த இடம் கறுத்துக் கொப்புளிக்கக்கூடும் என்று அவள் படித்திருந்தாள்.

இந்தச் சோதனையைப் பற்றிய செய்தி அதற்குள் மாடி முழுவதும் பரவிவிட்டது. எதிர்வீட்டுச் சீன மூதாட்டி ஒரு துண்டு இஞ்சியைக் கொண்டு வந்து கொடுத்தார். அதை நசுக்கிக் கொதிக்க வைத்துக் கால்களை நனைப்பது அவர்கள் குடும்ப வழக்கமாம். பக்கத்து வீட்டு மலாய் மாது, தம் பூந்தொட்டியிலிருந்து இரண்டு தண்டு செராயைப் பறித்துத் தந்தார். எலுமிச்சைப்புல்லைத்தான் இங்கே செராய் என்கிறோம். மலாய்க்காரர்களிடம் பூக்களும் எலுமிச்சையும் இட்ட நீரில் நீராடும் வழக்கம் உண்டு. தமிழர்களுக்கோ நல்லெண்ணெயும் சிகைக்காயும் இருக்கின்றன. தீபாவளி விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்காத தமிழ் வீடு அரிது. குளியல் இன்பத்தைக் கடையில் வாங்குவதற்கு முன்பே, அது எல்லார் வீட்டுச் சமையலறையிலும் இருந்திருக்கிறது.

மூன்றாம் நாள் இஞ்சியும் செராயும் கொதித்த மணம் தாழ்வாரம்வரை வீசியது. அம்மா கண்களை மூடி மூச்சை இழுத்தார். "இதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது," என்றார். சொல்லி முடிப்பதற்குள் அடுப்பு நினைவுக்கு வந்தது. எழுந்தார். பிறகு தம்பியின் வீட்டுப்பாடம். பிறகு மறுநாள் சமையலுக்கு ஊறப்போட வேண்டிய உளுந்து. மொத்தம் மூன்று முறை.

அன்று இரவு மகள் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளும் மூன்று பொருள்களை மாற்றியாயிற்று. ஆனால், அம்மாவின் களைப்பு மாறவில்லை. அப்போது அவள் நான்காவதாக ஒரு கட்டத்தை வரைந்தாள். அதற்கு "அம்மா எழுந்த முறை" என்று தலைப்பிட்டாள். மூன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் வரிசையாக நின்றன. குறை எங்கே இருக்கிறது என்பதை அந்த எண்கள் காட்டின. நீருக்குள் என்ன போடுவது என்று யோசித்த யாரும், நீருக்குள் கால் வைத்தவரை உட்கார விடுவது எப்படி என்று யோசிக்கவில்லை.

அறிவியல் பாடத்தில் ஒரு விதி உண்டு. ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மற்றவை அப்படியே இருக்க வேண்டும். அதன்படி, நான்காம் நாள் மீண்டும் அதே கல்லுப்பைத்தான் அவள் எடுத்தாள். அதே வாளி, அதே ஆறு லிட்டர் நீர். மாற்றியது வீட்டு வேலைகளை மட்டுமே. துணிகளைக் காயப்போடும் பொறுப்பை அவள் ஏற்றுக்கொண்டாள். பாத்திரங்களைக் கழுவுவது தம்பியின் வேலையாயிற்று. சீருடையையும் அவனே தேடிக்கொண்டான். தொலைபேசியைப் பாட்டி தம் மடியில் வைத்துக்கொண்டார். அழைத்தவர்களிடம், "அவள் குளிக்கிறாள், பிறகு பேசுவாள்," என்றார். அது பாதிப் பொய்தான். பாதங்கள் மட்டும் குளித்துக்கொண்டிருந்தன.

ஐந்து நிமிடத்தில் அம்மா பேச்சைக் குறைத்தார். பத்து நிமிடத்தில் தோள்கள் தளர்ந்தன. இருபதாவது நிமிடத்தில் அவர் நாற்காலியில் சாய்ந்தபடி உறங்கிப்போயிருந்தார். தம்பி தட்டுகளை ஓசைப்படாமல் அடுக்கினான். நான்காவது கட்டத்தில் மகள் எழுதிய எண் பூஜ்யம்.

வெந்நீர் இப்படித் தூக்கத்தை வரவழைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. சூடு பட்டதும் பாதங்களிலுள்ள சிறு இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அங்கே இரத்தம் மிகுதியாகப் பாய்கிறது. உடலின் உட்புற வெப்பம் தோல் வழியாக வெளியேறுகிறது. உட்புற வெப்பம் தணிவது, உறங்கும் நேரம் வந்துவிட்டதென்று உடலுக்குக் கிடைக்கும் அடையாளம். அதனால்தான் படுப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்திற்கு முன் வெந்நீரில் நனைவது நல்லது. ஆயினும், இது எல்லாருக்கும் பொருந்தாது. நீரிழிவு உள்ளவர்களில் சிலருக்குப் பாதங்களின் உணர்வு குறைந்திருக்கும். நீர் சுடுவதே அவர்களுக்குத் தெரியாது. பாட்டிக்கும் நீரிழிவு இருந்தது. ஆகவே, மருத்துவரின் அறிவுரைப்படி அவர் வாளியில் கால் வைக்கவில்லை. அதற்குப் பதிலாக மகளுடைய தலையில் மெல்ல எண்ணெய் தேய்த்துவிட்டார். யாருக்கு இன்பம் அதிகம் என்று அவர்களுக்குள் ஒரு வழக்கே நடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பம் முழுவதும், கம்பாஸ் அவென்யூவிலுள்ள செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்குச் சென்றது. சிங்கப்பூரின் முதன்மைத் தீவில் உள்ள ஒரே இயற்கை வெந்நீர் ஊற்று அது. 1909ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட அந்த ஊற்றின் நீரை ஒரு காலத்தில் புட்டிகளில் அடைத்து விற்றார்கள். மேம்படுத்தப்பட்ட பூங்கா 2020ஆம் ஆண்டு சனவரியில் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 70 பாகை சூட்டில் வெளிவரும் நீர், படிப்படியாக அமைந்த குளத்தில் இறங்க இறங்க ஆறி, கால் வைக்கும் பதத்திற்கு வருகிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. முட்டை வேகவைக்க வந்தவர்களும், முழங்கால் வலிக்கு ஆறுதல் தேடி வந்த முதியவர்களும் அங்கே அருகருகே இருந்தார்கள். இரவுப் பணி முடித்து வந்த அப்பா, கால்களை நனைத்தபடி அம்மாவின் பக்கத்தில் அமர்ந்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைத்து நெடுநாளாகியிருந்தது.

அதன் பிறகு வாரத்தில் இரண்டு இரவுகள் அந்த வீட்டில் வாளிக்கு உரியவை ஆயின. ஒரு தொட்டியை நிரப்ப நூறு லிட்டருக்கு மேல் நீர் வேண்டும். வாளிக்கு ஆறு லிட்டர் போதும். 2030ஆம் ஆண்டுக்குள் ஒருவரின் அன்றாட நீர்ப் பயன்பாட்டை 130 லிட்டராகக் குறைப்பது சிங்கப்பூரின் இலக்கு. அந்த நாட்டில் இந்த வேறுபாடு சிறியதன்று. செராய் போட்ட நீர் ஆறியதும் செடிகளுக்குப் போகிறது. உப்புநீரைச் செடிகள் தாங்காது என்பதால் அது கழிவறைக்குப் போகிறது.

நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் செலவுக் கணக்கு இருக்கிறது. உப்பு, எலுமிச்சை, சோடா எல்லாம் சேர்ந்து ஐந்து வெள்ளியைத் தாண்டவில்லை. இஞ்சிக்கும் செராய்க்கும் நேராக "அன்பளிப்பு" என்று எழுதியிருக்கிறது. அதன்கீழ் இன்னொரு வரியும் உண்டு: "இருபது நிமிடம் – நான், தம்பி, பாட்டி." விலைக்கான கட்டம் அங்கே காலியாக இருக்கிறது. ஒருவருக்கு ஓய்வு வேண்டுமென்றால், அவருடைய வேலையை வேறொருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். எந்தக் கடையிலும் விற்கப்படாத அந்தப் பொருளை வீட்டில் இருப்பவர்கள்தான் கொடுக்க முடியும்.