மூன்றாவது கீ செட்

30 நவம்பர் 2024, சனி

காலையிலிருந்து விடாமல் அடிக்கிறது. ஃபெஞ்சல் புயல் இன்றிரவு புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடக்கும் என்று செய்தி. மாமா தெருக்கோடி ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். மூன்று முறை போன் செய்துவிட்டேன். "ஒழுகுற இடத்துல குண்டான் வெச்சிருக்கேன் பாப்பா, நீ தூங்கு" என்கிறார்.

1 டிசம்பர், ஞாயிறு

தெருவில் முழங்காலளவு தண்ணீர். மாமாவைக் கைத்தாங்கலாக எங்கள் மாடிக்குக் கூட்டிவந்தோம். அந்த வீட்டிலிருந்து அவர் எடுத்துக்கொண்டவை இரண்டு: மாத்திரைப் பை, கிட்டார். சுவரில் ஆணியில் தொங்கிய கிட்டாரின் தலைமேல் ராத்திரி முழுக்க ஓடு ஒழுகியிருக்கிறது.

சாயங்காலம் திருவண்ணாமலை மலையில் மண் சரிந்துவிட்டது. வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் பாறையும் சேறும். உள்ளே ஆட்கள் இருக்கிறார்களாம். மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மேகத்தில் மலையே தெரியவில்லை.

3 டிசம்பர்

ஏழு பேர். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள்.

5 டிசம்பர், வியாழன்

நேற்று கோயிலில் தீபத் திருவிழாக் கொடி ஏறியது. மளிகைக் கடையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

மாமாவும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் கிட்டாரைத் துடைக்க உட்கார்ந்தேன். உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் 'கிப்டோன், கல்கத்தா' என்பது பாதி தெரிகிறது. 1983இல் சென்னையில் வாங்கியது. முந்தைய ஆண்டுதான் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தது. 'இளைய நிலா' பாட்டில் ஆர். சந்திரசேகர் வாசித்த கிட்டாரைக் கேட்டுவிட்டு, வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிப் பணம் சேர்த்தார் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான கதை. அதற்குப் பிறகு சபையில் ஒரு கிறிஸ்துமஸும் இந்தக் கிட்டார் இல்லாமல் போனதில்லை.

உடம்பு நன்றாக இருக்கிறது. கம்பியை முறுக்கும் கீதான் போய்விட்டது. ஒரு தகட்டுக்கு மூன்று கீ, இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு. பல்சக்கரங்களில் செம்மண் அப்பியதுபோலத் துரு. மூன்றாவது கம்பியின் கீயில் இருந்த வெள்ளைக் குமிழ், பிடித்ததும் விரலில் மாவாக உதிர்ந்தது. மண்ணெண்ணெய் தொட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்தேன். நான்கு கீ திரும்பின. இரண்டு அசையவே இல்லை.

நான் வீணை கற்றவள். வீணையில் பிருடையைப் பிடித்து நிறுத்துவது மரத்தோடு மரம் உரசும் பிடிப்புதான். வழுக்கினால் சாக்பீஸ் தூள் போடுவோம். கிட்டார் கீயின் கதை வேறு. குமிழின் தண்டில் திருகு மரை. அது பல்சக்கரத்தைத் தள்ளும். மரையால் சக்கரத்தைச் சுற்ற முடியும், சக்கரத்தால் மரையைச் சுற்ற முடியாது. அதனால்தான் கம்பி எவ்வளவு இழுத்தாலும் கீ தானாகப் பின்னால் போவதில்லை. ஆறு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ அளவுக்கு இழுக்கும். அவ்வளவு பாரத்தையும் இந்தச் சின்னப் பற்கள் தாங்குகின்றன.

இப்போதெல்லாம் வீணைக்கும் கிட்டார் கீ போட்டு விற்கிறார்கள். என் டீச்சர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. "பிருடையை எடுத்துட்டா அது வீணை இல்லம்மா" என்பார். அந்தக் குரல் இன்று காதிலேயே நிற்கிறது. நாற்பத்தொரு வருடமாக மாமாவின் விரல் பட்ட கீ. கழற்றி எறிய நான் யார்?

7 டிசம்பர்

மாமாவிடம் கேட்டேன். "மாத்தணும்னா மாத்து" என்றார். முகம் சுவர்ப்பக்கம். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சென்னைக் கடைக்குச் சொல்லிவிட்டேன். ராத்திரி தூக்கம் இல்லை.

10 டிசம்பர், செவ்வாய்

மகா தேர். பார்சல் வந்தது. தனித்தனியாக மாட்டும் மூடிய கீ, பளபளவென்று ஆறு. அதன் புஷ் உட்கார 10 மி.மீ. துளை வேண்டும். நம் கிட்டாரில் இருப்பது எட்டரை. ஆசாரியிடம் எடுத்துப்போனேன். ட்ரில் மெஷினைக் கையில் எடுத்தவர், கிட்டாரின் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மெஷினைக் கீழே வைத்தார். "பழைய மரம்மா. ட்ரில் கடிச்சு இழுத்தா வாய் பேத்துக்கும். ஒரு தடவை பெருசாக்கினா மறுபடி சிறுசாக்க முடியாது. இதே அளவுல தகட்டுக் கீ கிடைக்கும், தேடுங்க."

கூலி வாங்கவில்லை. தேரைப் பார்க்காமலே வீடு வந்தேன்.

11 டிசம்பர்

தண்டுக்குத் தண்டு 35 மி.மீ. மகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலில் நான்கு முறை அளந்து, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன். இந்த அளவில் இருக்கிறதாம்.

13 டிசம்பர், வெள்ளி

மகா தீபம். மண் சரிந்ததால் இந்த வருடம் மக்களை மலையேற விடவில்லை. நேற்றும் மழை. ஆறு மணிக்கு மொட்டை மாடியில் எல்லோரும் நின்றோம். 2,668 அடி உயரத்தில் அந்தப் புள்ளி தெரிந்ததும் பக்கத்து வீட்டுப் பாட்டி விம்மி அழுதார். மாமா சபைக்காரர், ஆனாலும் வருடா வருடம் இந்த நேரத்தில் அவரும் மலையைப் பார்த்து நிற்பார். இன்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். வ.உ.சி. நகர்ப் பக்கம் அவர் பார்வை போகவே இல்லை. என் பார்வை அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

14 டிசம்பர்

ஒன்றும் செய்யப் பிடிக்கவில்லை.

17 டிசம்பர், செவ்வாய்

தகட்டுக் கீ வந்துவிட்டது. மதியம் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்தேன். கம்பிகளை ஒரேயடியாக அறுக்காமல், ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். அசையாத கீ இரண்டின் கம்பிகளை மட்டும் கடைசியில் கட்டிங் பிளேயரால் வெட்டினேன். தகட்டின் திருகாணிகள் சின்னவை, துருப்பிடித்தவை. தலை மழுங்கிவிடுமோ என்ற பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டே திருப்பினேன். எல்லாம் முழுதாக வந்தன.

தகட்டைத் தூக்கினேன். அடியில் வார்னிஷ் மங்காமல், வாங்கிய நாளின் நிறத்தில் நீளமாக ஒரு பட்டை. அதில் நான் எதிர்பார்க்காத இன்னொன்றும் இருந்தது. இந்தத் தகட்டின் திருகாணித் துளைகளுக்குப் பக்கத்திலேயே வேறு துளைகள். ஒவ்வொன்றிலும் வெளிர் மரத்துண்டு செருகி, மட்டமாக நறுக்கியிருந்தது. நகத்தால் தடவிப் பார்த்தேன். தீக்குச்சி.

மாமா கட்டிலில் இருந்தபடியே சொன்னார்: "உங்க அத்தை வேலை. ஃபெவிகால் தொட்டு அவதான் சொருகினா."

"எப்போ மாமா?"

"தொண்ணூத்தொண்ணுல. மொதல் செட் கீ அப்பவே தேஞ்சு போச்சு. இது ரெண்டாவது."

நான் பத்து நாளாகக் கும்பிடாத குறையாகத் தொட்டுக்கொண்டிருந்தது ரெண்டாவது செட். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றேன், கொஞ்சம் கோபமாகத்தான். "நீ கேக்கலியே பாப்பா. நான் சுவரைப் பார்த்துட்டுக் கெடந்தது அவ ஞாபகத்துல."

புதுத் தகடுகளை வைத்துப் பார்த்தேன். ஆறு தண்டும் துளைகளில் இறங்கின. திருகாணிகளில் ஒன்று மட்டும் அத்தையின் தீக்குச்சிமேலேயே வந்து நின்றது. திருகாணியில் மெழுகு தடவி, கையாலேயே முடுக்கினேன். பிடித்துக்கொண்டது.

18 டிசம்பர்

புதுக் கம்பி. குமிழைப் பதினான்கு சுற்று சுற்றினால் தண்டு ஒரு சுற்று. வெண்ணெய் மாதிரி திரும்புகிறது.

20 டிசம்பர், வெள்ளி

அழாத குறை. மூன்றாவது கம்பி நிற்கவில்லை. ஏற்றுகிறேன், ஏறவில்லை, பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம், சுருதியைத் தாண்டிப் போய்விடுகிறது. இறக்கினாலும் அதே 'டிக்'. பணம் போனதுதான் மிச்சமோ என்று கீயைத் திட்டித் தீர்த்தேன்.

மாமா என் மகளின் பென்சிலை வாங்கினார். கம்பியைக் கழுத்து முனையிலுள்ள நட்டின் பள்ளத்திலிருந்து நகர்த்தி, பள்ளத்தில் பென்சில் முனையை ஐந்தாறு முறை தேய்த்தார். கம்பியைத் திரும்ப உட்கார வைத்தார். 'டிக்' போய்விட்டது. பள்ளத்தில் கம்பி இறுகிக்கொண்டால் கீ எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லையாம். சுருதிக்கு மேலே போனால் கீழே இறக்கி நிறுத்தக் கூடாது; நன்றாக இறக்கிவிட்டு, கீழேயிருந்து ஏற்றித்தான் நிறுத்த வேண்டும், அப்போதுதான் பல் இறுகி நிற்கும் என்றும் சொன்னார். பதினைந்து நாளில் அவர் இவ்வளவு பேசியது இன்றுதான்.

பிறகு எஃப் கார்டு பிடித்துப் பார்த்தார். ஆள்காட்டி விரல் படியவில்லை. இன்னொரு முறை பிடித்தார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

23 டிசம்பர்

மலைமேல் தீபம் இன்றோடு பதினொரு நாள்.

24 டிசம்பர், செவ்வாய்

நேற்று ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ் எங்கள் தெருவுக்கு வந்தது. மாமா வீட்டில் இன்னும் சேறு காயவில்லை. அவர் எப்போது திரும்பிப் போவார், போவாரா என்று யாரும் பேசவில்லை. பையன்கள் வாசலில் நின்றார்கள். கிட்டாரை வாசித்தது கல்லூரிப் பையன் ஒருவன். மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கையை நீட்டினார். பையன் கிட்டாரைக் கொடுத்தான். இரண்டு விரலால் கீயைத் தொட்டு, காதைச் சாய்த்து, சரிசெய்து திருப்பிக் கொடுத்தார்.

பழைய தகடுகள் இரண்டையும் திருகாணிகளோடு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, '1991' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.