மன்ஹாட்டனில் ஒரு மரபு நடை

நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டைப் பார்க்க வருகிறவர்கள் பங்குச் சந்தையின் தூண்களையும், அருகில் நிற்கும் வெண்கலக் காளையையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதே தெரு கிழக்கு ஆற்றை நெருங்கும் முனையில் 1711 முதல் 1762 வரை வேறொரு சந்தை நடந்தது. அங்கே விலைபோனவர்கள் மனிதர்கள். நகர நிர்வாகமே சட்டம் போட்டு அந்தச் சந்தையை ஏற்படுத்தியது. அடிமைகளை விலைக்கு வாங்கலாம், வேலைக்கு வாடகைக்கும் எடுத்துப் போகலாம். இங்கே இப்படி ஒரு சந்தை இருந்தது என்று சொல்லும் பலகையை நகரம் 2015இல்தான் நட்டது.

இத்தகைய இடங்களைக் காட்டுவதற்கென்றே அங்கே வழிகாட்டிகள் இருக்கிறார்கள். சென்னையிலும் மதுரையிலும் நாம் மரபு நடை என்கிறோமே, அந்த வகைதான். நான் சேர்ந்துகொண்ட நடையை நடத்தியவர் அந்நகரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு கறுப்பினப் பெண்மணி. கோட்டையோ கோபுரமோ காட்டும் வழிகாட்டிக்குப் பாதி வேலையைக் கட்டடமே செய்துவிடும். இவர் நிறுத்திய இடங்களில் பெரும்பாலும் பார்க்க எதுவுமே இல்லை. ஒரு நடைபாதை, ஒரு கடை வாசல், ஓர் அலுவலகக் கட்டடத்தின் பக்கச் சுவர். அங்கே நின்று அவர் பேசப் பேச, அந்த இடம் யாருடையது என்பது மெல்ல விளங்கியது.

வால் ஸ்ட்ரீட்டுக்குப் பெயர் தந்த மதில் 1653இல் எழுந்தது. ஊர் அப்போது டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. மதில் வேலையில் ஈடுபடுத்தப்பட்டவர்களில் அடிமைகளான ஆப்பிரிக்கர்களும் உண்டு. அதற்கு முன்பே, 1644இல், பாவ்லோ த அங்கோலா, சைமன் காங்கோ உள்ளிட்ட பதினொரு பேர் விடுதலை கேட்டு மனுக் கொடுத்திருந்தார்கள். ஊரை ஆண்ட டச்சு வணிகக் கம்பெனி அவர்களையும் மனைவியரையும் விடுவித்தது. ஊருக்கு வடக்கே நிலமும் தந்தது. அதற்கு ஈடாக ஆண்டுதோறும் தானியமும் ஒரு கொழுத்த பன்றியும் கட்ட வேண்டும். அவர்களுடைய பிள்ளைகளோ, இனிப் பிறக்கப்போகிறவர்கள் உட்பட, கம்பெனிக்கே அடிமைகள். தாயும் தகப்பனும் விடுதலை பெற்றவர்கள், மடியில் கிடக்கும் குழந்தை அடிமை! இந்த ஏற்பாட்டைக் கேட்டபோது எங்கள் குழுவில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

அங்கிருந்து வடக்கே நகர மன்றத்தைத் தாண்டினால் ஆப்பிரிக்கர் இடுகாடு. 1697இல் டிரினிட்டி தேவாலயம் தன் கல்லறைத் தோட்டத்தில் கறுப்பர்களைப் புதைக்கக் கூடாது என்று விதித்தது. எனவே ஊர் எல்லைக்கு வெளியே அவர்கள் தங்கள் இறந்தோரை அடக்கம் செய்தார்கள். அங்கேயும் சட்டம் துரத்தியது: இரவில் சவ அடக்கம் கூடாது, பன்னிரண்டு பேருக்கு மேல் கூடக் கூடாது. 1794இல் இடுகாடு மூடப்பட்டது. மேலே மண் கொட்டி, மனை பிரித்து, வீடும் கடையும் கட்டிவிட்டார்கள்.

1991இல் மத்திய அரசின் 34 மாடி அலுவலகத்துக்கு அடித்தளம் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. தோண்டுவதை நிறுத்தச் சொல்லி நகரின் கறுப்பின மக்கள் வீதிக்கு வந்து போராடினார்கள். மறு ஆண்டில் நிறுத்தவும் வைத்தார்கள். அதற்குள் 419 பேரின் எச்சங்கள் வெளியே எடுக்கப்பட்டிருந்தன. மொத்தம் சுமார் 15,000 பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பிளேக்கியின் குழு எலும்புகளை ஆராய்ந்தது. அளவு மீறிய சுமை தூக்கியதன் தடயம் அவற்றில் இருந்தது. இறந்தவர்களில் குழந்தைகள் ஏராளம். ஒரு பெண்ணின் இடுப்பைச் சுற்றி மணிகளும் சோழிகளும் இருந்தன. பிழிந்தெடுக்கப்பட்ட வாழ்க்கையிலும், இறந்தவளை அழகு கலையாமல் வழியனுப்ப உறவினர்கள் இருந்திருக்கிறார்கள். 2003இல் அனைவரையும் கானாவில் செதுக்கப்பட்ட மரப்பேழைகளில் வைத்து மீண்டும் அங்கேயே அடக்கம் செய்தார்கள். 2006இல் அது தேசிய நினைவிடமானது.

துயரத்தோடு நடை முடிந்துவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. லிஸ்பனார்ட் தெருவின் 36ஆம் எண் மனையில், டேவிட் ரகிள்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் தப்பி வந்த அடிமைகளுக்கு அடைக்கலம் கொடுத்தார். 1838 செப்டம்பரில் அங்கே வந்து சேர்ந்த இளைஞர் ஒருவருக்கு அந்த வீட்டிலேயே திருமணமும் நடந்தது. அவர்தான் பிற்காலத்தில் நாடறிந்த பேச்சாளரான பிரெடரிக் டக்ளஸ். 1854இல் எலிசபெத் ஜென்னிங்ஸ் என்ற பள்ளி ஆசிரியையை, கறுப்பர் என்பதற்காக டிராம் வண்டியிலிருந்து இழுத்து இறக்கினார்கள். அவர் வழக்குப் போட்டு மறு ஆண்டே வென்றார். பேருந்தில் இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸுக்கு நூறு ஆண்டு முன்னால் நடந்தது இது.

நம்மில் பலருக்கு அமெரிக்க அடிமைமுறை என்றால் தெற்கின் பருத்திக் காடுகள்தான் நினைவுக்கு வரும். வடக்கு என்றால் விடுதலை என்று எண்ணிக்கொள்கிறோம். 1703இல் நியூயார்க்கில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு வீடுகளில் அடிமைகள் இருந்தார்கள். அங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1827 ஜூலை 4 அன்றுதான். மறதி இங்கே தானாக வந்து சேரவில்லை. இடுகாட்டுக்கு மேல் மனை போட்டது ஒரு முடிவு. 1857இல் சென்ட்ரல் பார்க்குக்காக, கறுப்பர்கள் சொந்த நிலம் வாங்கித் தேவாலயமும் பள்ளியும் கட்டி வாழ்ந்த செனகா வில்லேஜ் என்ற ஊரையே காலி செய்ததும் ஒரு முடிவு. முடிவெடுத்து மறைத்ததை, முடிவெடுத்துத்தான் மீட்க முடியும். இந்த வழிகாட்டிகள் நாள்தோறும் வெயிலிலும் குளிரிலும் நின்று செய்வது அந்த மீட்பைத்தான்.

பிள்ளைகளைப் பார்க்க நியூஜெர்சிக்கும் நியூயார்க்குக்கும் வருகிற தமிழ்ப் பெற்றோர் இன்று ஏராளம். சுதந்திர தேவி சிலையையும் டைம்ஸ் சதுக்கத்தையும் தவறாமல் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அத்தோடு ஒரு காலைப்பொழுதை ஆப்பிரிக்கர் இடுகாட்டுக்கும் ஒதுக்குங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. முடிந்தால் ஒரு வழிகாட்டியோடு நடந்து போங்கள்; பேரப்பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அவர்கள் வாழப்போகிற நகரத்தை யார் கட்டினார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.