நோயாளிச் சாப்பாடு

யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டால் எங்கள் மலைக்கிராமம் அடுக்கத்தில் வெறுங்கையோடு பார்க்கப் போக மாட்டார்கள். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு பிரெட் பாக்கெட், கொஞ்சம் சாத்துக்குடி. காய்ச்சலில் கிடப்பவருக்கு ரஸ்க்கைப் பாலில் நனைத்துக் கொடுப்பார்கள். சர்க்கரை என்று தெரிந்த அன்றே ராத்திரிச் சோறு நின்று சப்பாத்தி வந்துவிடும். பிள்ளை மெலிந்திருந்தால் சத்துமாவு. சோறு தின்று வளர்ந்த நம் வீடுகளுக்குள் கோதுமை நோயாளிச் சாப்பாடாகத்தான் மரியாதையோடு நுழைந்தது. அதனாலேயே அதன்மேல் நமக்குச் சந்தேகமே வருவதில்லை.

என் அக்கா மகள் விஷயத்திலும் அப்படித்தான். வயதுக்கு ஏற்ற உயரமில்லை, கைகால் குச்சி, வயிறு மட்டும் உப்பல், முகத்தில் ரத்தமே இல்லை. பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்று, இரும்புச் சத்து டானிக் பாட்டில் பாட்டிலாகப் போயிற்று. ரத்த அளவு ஏறவே இல்லை. பிள்ளை தேறவில்லையே என்று வருகிறவர்கள் எல்லாரும் வாங்கி வந்ததோ ஹார்லிக்ஸும் பிஸ்கட்டும். ஹார்லிக்ஸில் முக்கியமாக இருப்பது கோதுமையும் முளைகட்டிய பார்லியும்தான். பாசத்தோடு கொடுத்த ஒவ்வொரு தம்ளரும் அவளுக்கு ஆகாததாக இருந்தது.

மதுரையில் ஒரு குழந்தை மருத்துவர்தான் முதன்முதலாக, "காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன சாப்பிடுறா, ஒண்ணு விடாம சொல்லுங்கம்மா" என்று அக்காவிடம் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். டி.டி.ஜி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். அவர் சந்தேகப்பட்ட நோயின் பெயர் சீலியாக்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. பரோட்டா மாவை விசிறி அடிக்கும்போது கிழியாமல் இழுபடுகிறதே, அந்த இழுவை இதனால் வருவது. பிறவியிலேயே சில மரபணுக்களோடு வந்தவர்களில் சிலருக்கு, இந்தப் புரதம் உள்ளே போனதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்கத் தொடங்குகிறது. சத்தை உறிஞ்சுகிற குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. அப்புறம் எத்தனை டானிக் ஊற்றினாலும் இரும்பு உடம்பில் ஒட்டாது. சுண்ணாம்புச் சத்தும் ஒட்டாது. வயிற்றுப்போக்கு இருந்தால்தான் இந்த நோய் என்றும் இல்லை. தீராத ரத்தசோகை ஒன்றை மட்டுமே காட்டிக்கொண்டு பல வருஷம் இருப்பவர்கள் உண்டு.

ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு மிகக் கூடுதல் என்று வந்தது. அடுத்தது எண்டோஸ்கோப்பி, முன்சிறுகுடலில் சிறு சிறு துணுக்குகள் எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குத் தேதி கொடுத்தபோது மருத்துவர் சொன்னதுதான் எங்கள் வீட்டைக் கலக்கியது. "அதுவரைக்கும் கோதுமையை நிறுத்திடாதீங்க. இப்ப நிறுத்தினா குடல் ஆறத் தொடங்கிடும். அப்புறம் ரத்தத்துலயும் தெரியாது, சதையிலயும் தெரியாது. பிள்ளைக்கு இது இருக்கா இல்லையான்னு யாராலும் உறுதியா சொல்ல முடியாது."

நியாயம் புரிந்தது. ஆனால் அந்த நாட்களில் அக்கா அடுப்பு முன்னால் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். சப்பாத்தியைத் திருப்பிப் போடுவாள், தட்டில் எடுத்து வைப்பாள், பிள்ளை பிய்த்து வாயில் வைக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். "தெரிஞ்சே எப்படிடி கொடுக்கிறது?" என்று அம்மா என்னிடம் கேட்டாள். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. "அம்மாச்சி, இன்னும் ஒண்ணு" என்று தட்டை நீட்டினாள். சந்தேகம் வந்தவுடன் தாங்களாகவே கோதுமையை விட்டுவிட்டு, உடம்பு கொஞ்சம் தேறிய பிறகு பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு இதைவிடக் கஷ்டம். விட்ட கோதுமையை ஆறு வாரமாவது திரும்பச் சாப்பிட்டு, குடலை மறுபடி புண்ணாக்கிக்கொண்டு வரச் சொல்வார்கள். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது இந்தச் சந்தேகம் இருந்தால், தயவுசெய்து பரிசோதனை முடியும்வரை சாப்பாட்டை மாற்றாதீர்கள்.

"இது வடக்கத்திக்காரங்களுக்கு வர்ற நோயாச்சே, நம்ம பிள்ளைக்கு எப்படி?" என்று மாமா கேட்டார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய குடல் நோய் மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவரோடு சேர்ந்தவர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியான பதில். வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,000 பேருக்கு மேல் பரிசோதித்தார்கள். வடக்கில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ எட்டரைப் பேருக்கு சீலியாக் இருந்தது. தெற்கில் பத்தாயிரத்துக்கு ஒருவர்தான். ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுவைப் பார்த்தால் வடக்கில் 38 சதவீதம், தெற்கில் 36 சதவீதம். பெரிய வித்தியாசமே இல்லை. வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம்.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு கவலை. அந்த 25 கிராம் இன்றைக்கும் 25 கிராமாகவா இருக்கிறது? பக்கத்து ஊரான பெருமாள்மலைக்குப் போனால் கடைக்குக் கடை பரோட்டாக் கல். கொடைக்கானலில் 1845இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் வீடு கட்டி அவர்களோடு வந்த ரொட்டி, இன்று பேக்கரியாகவும் கேக்காகவும் தெருத்தெருவாக நிற்கிறது. மரபணு தயாராக இருக்கிற மண்ணில் கோதுமை கூடிக்கொண்டே போகிறது. நம் மருத்துவர்களும் இந்த நோயை எதிர்பார்த்துப் பழக வேண்டும். தெற்கில் குடலுறிஞ்சி தேய்ந்திருந்தால் நீண்ட காலம் முதலில் நினைவுக்கு வந்தது ஸ்புரூ என்ற வேறொரு நோய். அதையும் வேலூரில்தான் விரிவாக ஆராய்ந்தார்கள். அதற்கு நுண்ணுயிர்க்கொல்லியும் ஃபோலிக் அமிலமும் மருந்து. சீலியாக்குக்கு மருந்தே கிடையாது, சாப்பாடுதான் வைத்தியம்.

அந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்த கதை மனதை உலுக்குவது. 1924இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஹாஸ், நோயுற்ற குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை முக்கிய உணவாகக் கொடுத்துத் தேற்றினார். வாழைப்பழமே மருந்து என்று அவர் நம்பினார். பிள்ளைகள் தேறியது அதோடு ரொட்டியும் நின்றதால். எது ஆகாதது என்பதை உறுதிசெய்தவர் நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944–45 குளிர்காலத்தில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்கீழ் அந்த நாடு பட்டினி கிடந்தது, ரொட்டி கிடைக்கவில்லை. ஊரெல்லாம் வாடியபோது இந்தக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி விழுந்தார்கள். கோதுமைமேல் ஏற்கெனவே சந்தேகப்பட்டிருந்த டிக்கே, 1950இல் அதைத் தன் ஆய்வேடாக எழுதினார்.

எங்கள் மலையில் வாழைக்கா பஞ்சம்! விருப்பாச்சி மலைவாழைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. எண்டோஸ்கோப்பியிலும் நோய் உறுதியான பிறகு பிள்ளையின் சாப்பாடு ஒருவிதத்தில் சுலபம்தான். இட்லி, தோசை, சோறு, கேழ்வரகு, சாமை, தினை, கிழங்கு, முட்டை, பலா எதிலும் குளூட்டன் இல்லை. சம்பா கோதுமை பழைய ரகமாயிற்றே, அதைக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். கூடாது, அதுவும் கோதுமைதான்.

கஷ்டம் ஒளிந்திருந்த இடம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில். கூட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தால் பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ போட்டிருக்கும். சாம்பார், ரசம், முறுக்கு, அப்பளம், ஊறுகாய் என்று எல்லாவற்றிலும் அது போகிறது. குளூட்டன் இல்லாதது என்று விற்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குமேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஒரு சிட்டிகைப் பெருங்காயத்தை அலட்சியம் செய்ய முடியாது. அரிசி மாவு கலந்த பெருங்காயத்தைத் தேடி வாங்குகிறோம். கிடைக்காதபோது மலைப்பூண்டைத் தட்டிப் போட்டு ரசம் வைக்கிறாள் அக்கா. அடுத்தது மாவு மில். கோதுமை அரைத்த கையோடு நம் கேழ்வரகைக் கொட்டினால் கல்லில் ஒட்டியிருப்பதெல்லாம் இதில் வந்துவிடும். அம்மா திருகையை எடுத்துக் கழுவிக் காயவைத்துவிட்டாள். கேழ்வரகு மாவு இப்போது வீட்டில்தான்.

பள்ளிக்கூடத்தில் இன்னும் முழுதாகத் தீரவில்லை. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மலைப்பிள்ளைகளுக்குப் பெரிய வரம்; விடிகாலையில் வேலைக்கு ஓடும் தாய்மாருக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அதன் பட்டியலில் ரவை, சேமியா, கோதுமை ரவை உப்புமாவெல்லாம் உண்டு. வெண்பொங்கலும் உண்டு என்பதால் வழி இல்லாமல் இல்லை. மருத்துவச் சான்று உள்ள பிள்ளைக்கு அரிசியில் ஆன உணவைத் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு தர வேண்டும் என்று ஒரு வரி ஆணை இருந்தால் போதும். அதுவரை அவள் தூக்குவாளியில் இட்லி கொண்டு போகிறாள். உடன் படிக்கும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வாய் கேட்கிறார்களாம்.

உயரம் கூடியிருக்கிறது. ரத்தமும் ஏறியிருக்கிறது, அதே டானிக்கில். பெற்றோரையும் கூடப்பிறந்தவர்களையும் பரிசோதிக்க வேண்டும் என்பது முறை. பத்தில் ஒருவருக்கு இருக்கக்கூடும் என்கிறார்கள். அக்காவுக்கும் மாமாவுக்கும் இல்லை என்று வந்துவிட்டது. அவள் தம்பிக்கு அடுத்த வாரம் பெரியகுளத்தில் ரத்தம் எடுக்கிறோம். அதுவரை அவனுக்கு பன்னும் பிஸ்கட்டும் நிறுத்தக் கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.