மூடினா எழுந்திருக்காத லேப்டாப்

ஆலய டியூஷன் பிள்ளைகளுக்குப் பழைய லேப்டாப்களைச் சரி பண்ணி, லினக்ஸ் போட்டுக் கொடுத்துட்டு வர்றோம், உங்களுக்குத் தெரியும். அதுல ஒரே மாடல் 6 லேப்டாப் ஒண்ணு பின்னால ஒண்ணாத் திரும்பி வந்துச்சு. எல்லாத்துக்கும் ஒரே புகார்: மூடி வச்சுட்டுத் திறந்தா ஸ்கிரீன் கறுப்பாவே இருக்கு, லைட் மட்டும் எரியுது. படிவம் 5 படிக்கிற தங்கச்சி ஒருத்தி பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைச்சதுல, பாதி எழுதின கட்டுரை ரெண்டு தடவை போயிடுச்சு. அம்மா கடையில காட்டியிருக்காங்க. மதர்போர்டு போச்சு, 400 வெள்ளி ஆகும்னாங்களாம். "எங்களுக்குக் கொடுத்து வச்சது அவ்வளவுதான் தம்பி"ன்னு மேசையில வச்சுட்டுப் போயிட்டாங்க.

மதர்போர்டு போயிருந்தா முழுசா அணைச்சுப் போடும்போது எப்படி நல்லா ஓடும்? தூங்கி எழுறதுலதான் சிக்கல்.

மூடியைச் சாத்தினதும் கெர்னல் முதல்ல ஓடிக்கிட்டிருக்கிற புரோகிராம்களை உறைய வைக்கும். பிறகு ஒவ்வொரு டிரைவரையும் கூப்பிட்டு, உன் சாதனத்தை அடக்குன்னு சொல்லும். அதுக்கு வரிசை உண்டு. ராத்திரி நடை சாத்தும்போது கருவறைக் கதவு முதல்ல, வெளிவாசல் கடைசி. காலையில வெளிவாசல் திறந்தாத்தான் உள்ளே போக முடியும். அதே மாதிரிதான். வைஃபை கார்டு முதல்ல தூங்கணும், அது மாட்டியிருக்கிற பிசிஐ பாதை அப்புறம். எழும்போது தலைகீழ். இந்த லேப்டாப்கள் பழைய எஸ்-3 தூக்கம் போடுறவை. அதுல ராம் தவிர மத்ததுக்கெல்லாம் ஏறக்குறைய கரண்ட் நின்னுடும். கார்டுக்குள்ள ஏத்தின ஃபர்ம்வேர் அழிஞ்சுபோகும். டிரைவர் அதைத் திரும்ப ஏத்தணும். ஏத்தாம கார்டுகிட்ட பதிலுக்குக் காத்து நின்னா, உறைஞ்ச புரோகிராம்கள் அப்படியே கிடக்கும்.

ஆனா குற்றவாளி வைஃபைதான்னு அப்போ எங்களுக்குத் தெரியாது. கெர்னல்ல பிஎம்-டெஸ்ட்னு ஒரு ஒத்திகை இருக்கு. 5 படி. ஒவ்வொண்ணும் தூக்கத்துல இன்னும் கொஞ்சம் ஆழம் போய், 5 விநாடி நின்னு, திரும்பி வந்துடும். 5 படியும் பாஸ்! நிஜமாத் தூங்கினா மட்டும் தொங்குது. ஒத்திகையில கரண்ட் நிக்காது, அதான் வித்தியாசம். அந்த இடத்துலதான் எங்களுக்கு நம்பிக்கை வந்துச்சு: கரண்ட் போய் வந்தா எதுக்கோ நினைவு தப்புது.

எதுக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஸ்கிரீன் எழலை, டிஸ்க்கும் எழாத நிலையில கெர்னல் எங்கே போய் எழுதி வைக்கும்? 2006-ல லினஸ் டோர்வால்ட்ஸே இதுக்கு ஒரு வழி எழுதியிருக்கார். பேரு பிஎம்-டிரேஸ். மறுபடி பூட் ஆனாலும் அழியாம இருக்கிறது போர்டுல உள்ள கடிகாரச் சிப். அதனால விழிக்கும்போது எந்த இடம் வரைக்கும் வந்தோம்ங்கிற அடையாளத்தைத் தேதியா நேரமா மாத்தி, கெர்னல் அந்தக் கடிகாரத்துல எழுதிக்கிட்டே வரும். தொங்கினா அணைச்சு உடனே போடணும். கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கிறதால, டீ குடிச்சுட்டு வந்தா அடையாளம் கெட்டுடும். பூட் ஆனதும் கெர்னல் பதிவுல பொருந்துற சாதனத்தோட பேர் வரும். சில நேரம் ரெண்டு மூணு பேர் சேர்ந்தும் வரும். லேப்டாப்போட தேதி கண்டபடி மாறிடும், அதைத் திரும்பச் சரி பண்ணிக்கணும். எங்க கண்ணுக்கு இது சுத்தக் குறும்பு, ஆனா இவ்வளவு அழகான குறும்பை நாங்க பார்த்ததில்லை.

மூணு லேப்டாப்ல பார்த்தோம். மூணுலயும் வைஃபை கார்டு.

தூங்குறதுக்கு முன்னாடி அந்த டிரைவரைக் கழட்டி, எழுந்த பிறகு மாட்டுற மாதிரி சிஸ்டம்டி-யில நாலு வரி ஸ்கிரிப்ட் போட்டோம். 6 லேப்டாப்பும் எழுந்துச்சு. வைஃபை வர்றதுக்குச் சில விநாடி ஆகுது, அவ்வளவுதான். ஆனா இது ஒட்டுப் போட்ட வேலை. உண்மையான திருத்தம் டிரைவருக்குள்ளதான் வரணும், அதனால பதிவு எல்லாம் சேர்த்து அதைப் பராமரிக்கிறவங்களுக்கு அனுப்பியிருக்கோம்.

புது லேப்டாப்களில் சிலதுல எஸ்-3 தூக்கமே கிடையாது. எஸ்-2-ஐடிள்னு வேற மாதிரி. சிபியூ முழுசா அணையாது, ஆழமாச் சும்மா இருக்கும். ஒரு சாதனம் அடங்க மறுத்தாலும் பேட்டரி இறங்கிடும். பள்ளிப் பையில போட்டுக் கொண்டு போற லேப்டாப் சூடா இருந்தா தயவுசெய்து எங்ககிட்ட சொல்லுங்க, அந்தப் பையைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் நல்லது.

அந்தத் தங்கச்சி லேப்டாப்பை வாங்கிட்டுப் போயிட்டா. இன்னும் 2 லேப்டாப் மண்டபத்து அலமாரியில இருக்கு, உரியவங்க வந்து வாங்கிக்கலாம். பழசு கொடுக்க நினைக்கிறவங்க சார்ஜரோட கொடுங்க. கடையில "போச்சு"ன்னு சொன்னதையும் கொண்டு வாங்க.